முதுகில் ஒரு காலியிடம்

தபாலில் வந்தது முதுகில் குத்தும் அட்டை.
"நான் ஓடுவது ................... அவர்களுக்காக."
நான்கு ஊக்குகள் இலவசம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்,
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

ஜனவரி.
டண்டீயில் விடியல் ஒரு வதந்தி.
பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டு
மாவு காய்ந்த முழங்கைகளோடு
டே பாலத்தின் நடுப்பாதையில் ஏறுகிறேன்.
இரண்டு பக்கமும் லாரிகள்.
வடகடலிலிருந்து நேராக வரும் காற்று
பேர் கேட்காமல் அறைகிறது.
முதல் நாள் பாதிப் பாலம்தான்.
கம்பியைப் பிடித்து நின்று
ஆற்றை ரசிப்பதுபோல் நடித்தேன்.
ஐம்பத்து மூன்று வயதில்
நடிப்பாவது வரவேண்டும்.

இறைச்சிக்கடை டூகல்
மைலுக்கு ஒரு பவுண்டு எழுதினான்:
"பத்தில் நின்றுவிடுவாய், எனக்கு மலிவு."
மேல்வீட்டு பெட்ரி அம்மாள்
காலுறையில் முடிந்த சில்லறையைத் தந்தாள்.
"யாருக்காக, எல்ஸ்பெத்?"
ஆராய்ச்சிக்காக என்றேன்.
ஆராய்ச்சிக்கு முகம் கிடையாது.
அது ஒரு வசதி.

முகம் ரோனாவுடையது.
பதினொரு வருடம் முன்பு
என் ஃபெர்கஸ் இரண்டு பெட்டிகளோடு போய்
அழைப்புமணி அடித்த வீட்டின் ரோனா.

அந்த வருடம் ஒரு ராத்திரி
பாத்திரம் கழுவிக்கொண்டே
அவளுக்கு ஏதாவது வரட்டும் என்று நினைத்தேன்.
ஒருமுறை. ஒரே ஒருமுறை.
எனக்குக் கருநாக்கு இல்லை,
கண்ணாடியில் நீட்டிப் பார்த்துவிட்டேன்.
உயிரணுக்களுக்குக் காது இல்லை,
பத்து வருடம் பொறுத்திருந்து
ஒரு சாபத்தை நிறைவேற்றும் புத்தியும் இல்லை.
தெரியும்.
பதினாறாவது மைலில்
தெரிந்ததெல்லாம் கழன்றுபோகிறது,
கட்டைவிரல் நகம் போல.

மார்ச்சில், ப்ராட்டி ஃபெர்ரி கோட்டைக்குக் கீழே
ஒரு கார் நின்றது.
கம்பளித் தொப்பி. புருவம் இல்லாத முகம்.
"இன்றைக்கு இருபது மைல் என்று ஃபெர்கஸ் சொன்னார்.
நேரம் பார்க்க ஆள் வேண்டாமா?"
கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்
கோழி வடிவ முட்டை டைமர்.
அது என்னுடையது.
அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில்
அதுவும் போயிருக்கிறது!
வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

"ஒரு மணி நேரம்தான் தாங்கும்" என்றாள்.
"தெரியும்" என்றேன்.

அதன்பின் ஞாயிறுதோறும்
காருக்குள் அவளும் ஒரு ஃபிளாஸ்க்கும்,
மணலோரம் நான்.
என் நடை வாத்து நடை என்று
கண்ணாடியை இறக்கிக் கத்துவாள்.
ஒருநாள் மூச்சு வாங்கிய வாக்கில்
சொல்லிவிட்டேன், பாத்திரம் கழுவிய ராத்திரியை.
கொஞ்சநேரம் கடலைப் பார்த்தாள்.
"ஒருமுறைதானா?
உன் இடத்தில் நான் என்றால் வாரம் ஒன்று."
கோழி கிணுகிணுத்தது.
"அட்டையில் என் பேரை மட்டும் எழுதாதே.
கல்லில் எழுதினாற்போல் இருக்கும்.
நான் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்."

ஆயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பவுண்டு சேர்ந்தது.
பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி
விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்:
எங்கள் ஆய்வக மேசை ஒன்றுக்கு
ஒன்பது நாள்.
ஒன்பது நாள் அவள் கையுறை மாட்டுவாள்,
ஒரு துளியை எடுத்து
இன்னொரு துளியில் விடுவாள்.
"பெரும்பாலும் ஒன்றும் நடக்காது" என்றாள்,
சிரித்துக்கொண்டுதான்.
அவளை எனக்குப் பிடித்துப்போனது.

ஓட்டத்தன்று ரோனா வரவில்லை.
வெள்ளணுக்கள் குறைந்து
கூட்டம் ஆகாது என்றார்களாம்.
ஃபெர்கஸ் வந்து கோழியைக் கொடுத்தார்,
என் கண்ணைப் பார்க்காமல்.
இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன்.
மணிக்கொரு தரம் அது அலற
பக்கத்தில் ஓடியவர்கள் செல்பேசிகளைத் தடவினார்கள்.

பின்னால் வந்த இளைஞன் கேட்டான்:
"முதுகில் எழுத மறந்துவிட்டீர்களா?"
"மூச்சை வீணாக்காதே" என்றேன்
இருவருக்கும்.

ஐந்தாவது தரம் கூவும்போது
கோடு கண்ணில் படவேயில்லை.
மழை. தெருவோரத் தடுப்புகளை
மடக்கத் தொடங்கியிருந்தார்கள்.
நடந்தபடியே
கோழியின் கழுத்தை
இன்னொரு முறை
முழுதாகத் திருகினேன்.