புறங்கையால்

விடியற்காலை தண்ணீர் லாரி
ஓட்டேரி முனையில் திரும்பும் சத்தம் கேட்டதும்
நான் செய்கிற முதல் காரியம்
ஜிகினாவின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பது.
புறங்கையால்.

ஈரமாயிருந்தால் நாய்க்கு ஒன்றுமில்லை
என்று சொன்னவர் கீழ்வீட்டுக் கன்னியப்பன்.
ரயில்வேயில் முப்பது வருடம்
சுத்தியலால் சக்கரத்தைத் தட்டித் தட்டி
விரிசல் உண்டா என்று காதால் கேட்டவர்.
அவர் சொல்லி நம்பாமல் எப்படி?

கத்திரி வெயிலில் ஒருநாள்
கரண்ட் போன மதியம்
தொட்டால்
மூக்கு காய்ந்து கிடக்கிறது,
வெயிலில் மறந்த நாவல்பழம் மாதிரி.
தூக்கிக்கொண்டு ஓடினேன் வேப்பேரிக்கு.
நாய் ஏறினால் ஐம்பது கூட என்றார்
ஆட்டோ இருதயராஜ்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும்
அவரே கேட்டார், "பேரு இன்னா?"
பேரைச் சொன்னதும் இருபது குறைத்தார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால்
பிளாஸ்டிக் தின்ற ஆடு ஒன்று,
வயர் கூடையில் ஒரு கோழி,
அழுதுகொண்டு ஒரு போலீஸ்காரர், கையில் பூனை.

டாக்டர் மெஹருன்னிசா மூக்கைப் பார்க்கவேயில்லை.
உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
வெளுத்தது.
விட்டார்.
சிவந்தது.
தெர்மாமீட்டர் போனது
மூக்குக்கு நேர் எதிர்ப் பக்கம்.
"நூத்தி ஒண்ணரை. நாய்க்கு அது சரிதான்."
"மூக்கு, டாக்டர்?"
"தூங்கி எழுந்திருக்கும். நக்கிக்க மறந்திருக்கும்.
இந்த வெயில்ல உங்க உதடு காயாதா?"

மூக்கின் ஈரம்
கொஞ்சம் உள்ளிருந்து கசிவதாம்,
மிச்சம் நாக்கு தடவுவதாம்.
தலை சீவி வெளியே கிளம்புகிற மாதிரி
என்று நினைத்துக்கொண்டேன்.
அப்புறம் மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது.
சுவர் ஈரம், தீப்பெட்டி ஈரம்,
பீரோவுக்குள் சர்டிபிகேட்டுகளும் ஈரம்.
லிஃப்ட் கம்பெனி என்னை அனுப்பி ஆறு வாரம்.
பொன்னேரியிலிருந்து தங்கை கூப்பிடுவாள்.
"நல்லாருக்கியாடா?"
"நல்லாருக்கேன்."
கேட்ட உடனே வந்துவிடும் அந்தச் சொல்,
நாக்கு நுனியில் ஊறிக் கிடப்பதுதானே.

ஜிகினாவின் மூக்கும் ஈரமாய், சில்லென்று.
நான்கு காலை தொட்டேன்.
நான்கு காலையும் நிம்மதியாக எழுந்து
வேலை தேடப் போனேன்.
ஐந்தாம் நாள்
கன்னியப்பன் வீட்டு அவித்த முட்டை
தட்டில் அப்படியே இருந்தது.
முட்டை!
உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஈறு, முள்ளங்கி வெள்ளை.
அழுத்தினேன்.
வெளுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

உண்ணிக் காய்ச்சல்.
முழங்கால் தண்ணீரில் ஆட்டோ வராது;
இருதயராஜ் வந்தார்.
மூக்கு வழி நெடுக என் கழுத்தில்
குளிர்ந்துகொண்டே இருந்தது,
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று.

ஒரு பாட்டில் ரத்தம்,
யாரோ வளர்க்கும் லாப்ரடார் கொடுத்தது.
இருபத்தெட்டு நாள் மாத்திரை, பன்னுக்குள் ஒளித்து.
பன்னைத் தின்று மாத்திரையைத் துப்ப
அவள் கற்றுக்கொண்ட அன்று
பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

தை மாதம் மாடிப்படியில்
கன்னியப்பன் கேட்டார்:
"மூக்கு ஈரமா?"
"ஈரம்தான்" என்றேன்.
பிறகு மனசு கேட்காமல்,
"முப்பது வருஷத்தில
ஒரு சக்கரம்கூட உங்களை ஏமாத்தலியா?"

சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து
மறு கைக்கு மாற்றினார்.
"ஒண்ணு."
அதற்குமேல் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் உதட்டைத் தூக்கித்தான் பார்க்கிறேன்.
அழுத்தி, விட்டு, சிவப்பு திரும்பும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஆனாலும் லாரி திரும்பும்போது
கண் விழிக்கும் முன்பே
கை போய்விடுகிறது, பழைய இடத்துக்கு.
ஈரம்.
ஒன்றும் சொல்லாத ஈரம்.
தங்கையிடம் இன்று
உண்மையைச் சொல்ல வேண்டும்.