ஒன்றரை கிராம்

முனீஸ்வரன் கோயில் தெருவில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்
விளக்கெரிகிற கடை எங்களுடையது மட்டும்.
எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம்.
முதலாளி வயிரவன் செட்டியார்.
நான் காவல். பெயர் சேவுகன்.
அந்தச் சொல்லுக்கு முன்னொரு காலத்தில் வீரன் என்று பொருளாம்,
இப்போது ஏவலாள்.
இரண்டும் செய்து பார்த்தாயிற்று.

கடை கட்டும் நேரம் ஒரு பையன்
தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான்:
களிம்பேறிய காசு, சுண்டுவிரல் நகத்தளவு.
புளி போட்டுத் தேய்த்திருக்கிறான், படுபாவி.
ராசா முகம் இருந்த பக்கம் வழுக்கை.
மறுபக்கம் பிழைத்துக் கிடந்தது.

லென்ஸை என்னிடம் நீட்டினார்.
"நீ பட்டாளத்தான். பாரு."

ரோமாபுரிச் சிப்பாய். ஒருத்தன்தான்.
பின்னால் அணி இல்லை, கொடி இல்லை.
கேடயம் ஒரு கை, ஈட்டி ஒரு கை.
குதிரையோடு சரிகிறவன் மேல் ஈட்டி இறங்குகிறது.
சரிகிறவன் திரும்பிப் பார்க்கிறான்,
ஒரு கையைத் தூக்கியபடி.
இத்தனையும் ஒன்றரை கிராமுக்குள்.

முதலாளி படிப்பாளி. தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
அந்தப் படையில், உத்தரவில்லாமல் வரிசையை விட்டுப் போய்
தனியாய் மோதி ஜெயித்து வந்தான் ஒரு மகன்.
தளபதி அவன் அப்பன். தலையை வெட்டச் சொன்னான்.
அதே படையில், எதிரியைக் கொன்று
கூட நின்றவன் உயிரை மீட்டவனுக்குக் கிரீடம்.
பொன் இல்லை. ஓக் மரத்து இலை.
ஒரு நிபந்தனை:
பிழைத்தவன் தன் வாயால் 'இவன்தான்' என்று சொல்ல வேண்டும்.
லேசில் சொல்ல மாட்டார்களாம்.

"ஏன் முதலாளி?"
"அசலும் அடையாது வட்டியும் அடையாது. அப்படிக் கடன், சேவுகா."

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

பேர் சொல்லக் கூடாத ஒரு முகடு.
பனியில் முழங்கால்வரை பதினோரு பேர்.
யாரும் அசையாதே. அது உத்தரவு.
முப்பது கஜத்தில் புதுவயல் ராசாங்கம்
தொடையில் குண்டோடு முனகினான்.
அவன்மேல் ஒருத்தன் குனிந்தான்.
நான் அசைந்தேன்.

வீரம் என்று எழுதுவார்கள்.
எனக்கு நினைவிருப்பது ஈரச் சாக்ஸ்,
வாயில் முந்தின நாள் பருப்பின் புளிப்பு.
என் துப்பாக்கி உறைந்து சுடவில்லை.
அவனுடையதும் சுடவில்லை.
பிறகு இரண்டு மூச்சு,
இரைந்து,
பிறகு ஒரு மூச்சு.
கடைசியில் அவன் கையைத் தூக்கினான்.
தடுக்கவா, கும்பிடவா, போதும் என்றா?
தெரிந்த மூன்று பாஷையிலும் தேடிவிட்டேன்.

விசாரணையில் ராசாங்கம்,
"மயக்கத்தில் கிடந்தேன். யாரென்று பார்க்கவில்லை" என்றான்.
முனகிக்கொண்டே என் பெயரைச் சொன்னவன்.
வரிசையை விட்டதற்கு எனக்குப்
பதினாலு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
தலை தப்பியது. அந்த மட்டில்
நம் ராணுவம் நல்ல அப்பன்.

அவனுக்கு இப்போது புதுவயலில் அரிசி மில்.
கழனிவாசல் முக்கில் என்னைக் கண்டால்
மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுவான், நோய் நொடி இல்லாதவன்.
நானும் கேட்டதில்லை.
இந்த வெயிலில் தலையில் இலையை வைத்துக்கொண்டு
எங்கே போக?

முதலாளி பேரேட்டில் எழுதினார்:
செப்புக்காசு ஒன்று. வீரன், ஈட்டி.
"விழுறவனையும் எழுதுங்க."
மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"அதுக்கு விலை கூடாதுய்யா."
"கூட வேண்டாம். எழுதுங்க."
எழுதினார், பென்சிலில்.

விடிந்து வீட்டுக்குப் போகிறபோது
ரயில்வே கேட் மூடியிருந்தது.
முன்னால் மில் லாரி.
டிரைவர் பக்கத்தில் ராசாங்கம், கண்ணாடி ஏற்றிவிட்டு.
சுற்றிலும் மருந்துக்கடை ஒன்றும் இல்லை.
ரயிலும் வருகிற வழியாய் இல்லை.
பார்த்துவிட்டான்.

கையைத் தூக்கினான்,
பாதி,
விரல்கள் கண்ணாடியில் பட்டும் படாமலும்.

லென்ஸ் என்னிடம் இல்லை.