அளவைப் புத்தகம்

பக்கம் நாற்பத்தொன்று.
பணி: காப்பகப் பார்வையாளர் மையம், மசினகுடி.
கருங்கல் அடித்தளம், நீளம் பதினெட்டு மீட்டர்.
ஆற்று மணல் இல்லை
என்பதற்குச் சிவப்பு மசியில் அடிக்கோடு.
சிமெண்ட் நூற்றுக்கு ஏழு பங்கு,
மீதியெல்லாம் வாணம் தோண்டியபோது வந்த இந்த மண்தான்.
சலித்து, நனைத்து, அச்சில் அழுத்தி
இருபத்தொரு நாள் ஈரச்சாக்கு போர்த்திக்
கிடத்தியிருக்கிறோம்
காய்ச்சல்காரர்களைப் போல.

கடைத்தெருவில் கேட்கிறார்கள்:
"மண்ணுல கட்டுறீங்களாமே, பட்ஜெட் இல்லையா?"
டீ ஆறும்வரை விளக்கினேன்.
"அப்ப டைல்ஸ் கிடையாதா?" என்றார்.

உண்ணிச்செடி கணக்கில் அடங்கவில்லை.
மாதியும் அவள் ஆட்களும் வெட்ட வெட்ட வருகிறது.
தார் டிரம்மில் வேகவைத்துப் பட்டை உரித்தால்
பிரம்பு போல வளைகிறது,
கூரைக்கு அடியில் பாயாகப் பின்னலாம்.
விலைப்பட்டியலில் அதற்கு எண் இல்லை.
களை என்று எழுதினால் அகற்றும் செலவு எங்கே என்பார்கள்,
மரம் என்று எழுதினால் அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள்.
இதர, என்று எழுதினேன்.
இந்தக் காட்டில் பாதி இப்போது இதரதான்.

தண்ணீர்த் தொட்டியை மண்ணுக்குள் புதைத்தோம்.
மூடி இறுக்கியும் மூன்றாம் இரவு
மோந்து பார்த்துப் போயிருக்கிறது.
போகிற வழியில் ஈரச்சாக்கு நான்கை உருவி
வாகை மரத்தடியில் எறிந்திருந்தது.
கல்வரிசையின் மேல்
ஒரு முன்காலின் வட்டம், முழுசாக.
யோகநாதன் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார்.
ஒன்றும் விரியவில்லை.
"இனி லேபுக்கு அனுப்ப வேணாம் சார்."

பிறகு கண்ணாடி.
வரைபடத்தில் தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
வந்திதாவைக் குறை சொல்ல முடியாது,
அந்தப் பக்கம்தான் மலை
வானத்தைப் பாதி மறித்து நிற்கிறது.
கல்லட்டி இறக்கத்தில் லாரியை விடமாட்டார்கள் என்று
கூடலூர் சுற்றி வந்தது மாதிரிக்கு ஒன்று,
ஆறடிக்கு நாலடி, வைக்கோலில் படுத்தபடி.
கொட்டகை மேல் சாய்த்தோம்.
உடனே அதற்குள் ஒரு மலை,
பக்கத்தில் நாங்கள் வெட்டாமல் விட்ட வாகை.

காலை ஏழு பத்துக்குச் சத்தம்,
யாரோ கதவை ஒரே ஒருமுறை தட்டியது போல.

மரகதப்புறா.
இன்னும் சூடாக இருந்தது.
கண்ணாடியில் அதன் தூள் படிந்து
விரித்த இறக்கை இரண்டும்,
இறகு இறகாக எண்ணலாம்.
எங்கள் ஆபீசில் யாரும் இவ்வளவு மெல்லிய கோடு போட்டதில்லை.

"கண்ணாடிய அது காடுன்னு நெனச்சிருச்சு" என்றேன்.
மாதி அரிவாளை நிறுத்தவில்லை.
"காடுதானே தெரிஞ்சுச்சு."

படம் எடுத்து வந்திதாவுக்கு அனுப்பினேன்.
ஒரு டிக். வெகுநேரம் ஒரே டிக்.
இருட்டிய பிறகு புதிய வரைபடம் வந்தது.
தெற்குச் சுவரில் நெஞ்சுயரத்துக்கு ஒரு திறப்பு,
உண்ணிக் கம்பில் அழி, வேறொன்றும் இல்லை.
காற்று வரும், சாரல் வரும்,
டிசம்பரில் பல் கிட்டும்.
ஓரத்தில் அவள் கையெழுத்து:
வருகிறவர்கள் ஸ்வெட்டர் போடட்டும்.

கண்ணாடியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.
இரண்டு நாள் துடைக்காமல் வைத்திருந்தேன்,
மூன்றாம் நாள் மழை துடைத்துவிட்டது.
சேறு குழைத்து இருபுறமும் பூசினோம்.
இப்போது மண்வெட்டி வைக்கும் அறைக்கு அது கதவு.

பக்கம் நாற்பத்திரண்டு.
பயன்படாதது: கண்ணாடி, இருபத்துநாலு சதுர அடி.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
உடைப்பு என்று எழுதினால்
உடையவில்லையே என்பார் தணிக்கைக்காரர்.

காடு தெரிந்தது
என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.

நாளைக்கு மண் சலிக்க இரண்டு ஆள் குறைகிறது.
யோகநாதனிடம் சொல்லவேண்டும்.