வழுவமைதி

எபேன், ஆறாம் மாடி. திங்கள் காலை ஏழே கால்.
தெற்கே கரும்பாலை எடைமேடையிலிருந்து அழைப்பு:
பன்னிரண்டு லாரிகள் நிற்கின்றன,
சீட்டு வரவில்லை.
"மோ பே அத்தான்" என்கிறார் ஓட்டுநர் தங்கணமூட்டூ,
கிளார்க்கின் கையிலிருந்து போனைப் பிடுங்கி.
அத்தானுமில்லை மாமனுமில்லை,
காத்திருக்கிறேன் என்பது கிரியோலில் அப்படித்தான்.
வெட்டிய கரும்பும் காத்திருக்கிறது வெயிலில்,
மணிக்கு மணி இனிப்பு இறங்கியபடி.

சனி இரவு புதிய பதிப்பு ஏற்றினோம்.
பழைய வாய்பாடு ஒன்று, யாரோ எழுதி
பதினோரு ஆண்டாய் யாரும் தொடாதது:
லாரி எடை கூட்டல் பின்வண்டி எடை.
பின்வண்டி இல்லாத லாரிக்கு
முன்பெல்லாம் எங்கள் மொழி
பேசாமல் ஒரு சுழியம் போட்டுவிட்டுப் போகும்.
இப்போது கேட்கிறது:
இல்லாத ஒன்றின் எடையை எப்படிச் சொல்வேன்?

நியாயமான கேள்வி.
நியாயத்தால் ஒரு லாரியும் நகரவில்லை.

மாற்றங்களின் பட்டியலைப் பாதியாய் வெட்டி
அந்தப் பாதியையும் பாதியாய் வெட்டி
ழான்-நோயல் காபி கொண்டுவருவதற்குள்
ஒரே ஒரு குற்றவாளி மிஞ்சினார்.
பெயர்: தேவயானி வலைடன்.
பிப்ரவரி, புயல் எச்சரிக்கை மூன்று,
சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு
மின்சாரம் போவதற்குள் எழுதியது.
குறிப்பில் ஒரே சொல்: ஒழுங்குபடுத்தினேன்.

அது நான்தான்.

ழான்-நோயல் சிரிக்கவில்லை.
சர்க்கரைக் கட்டி இரண்டு கூடப் போட்டுத் தந்தான்.

வழு என்றால் பிழை. வழாநிலை, பிழையின்மை.
மூன்றாவதாக ஒன்றும் உண்டென்று
ரோஸ்ஹில் மாலை வகுப்பில் மனப்பாடம் செய்தேன்,
பரீட்சையில் வரவில்லை:
பிழைதான், ஆனாலும் வழங்கிவிட்டது, இருக்கட்டும்.
தங்கமுத்து என்றோ வேறெதுவாகவோ கப்பலேறிய பெயர்
ஒரு குமாஸ்தாவின் காதில் நுழைந்து மூட்டூ ஆகி வந்தது;
இன்று போய் அதைத் திருத்தினால்
அவருடைய லைசென்ஸே அவரை அறியாது.

மூன்று வரியைத் திரும்பப் போட்டேன்.
புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லையென்றால்,
பழைய வாய்பாடுகளுக்கு மட்டும், சுழியம்.
புதிதாய் எழுதுகிறவரிடம் கேள்வி கேட்கட்டும்.
பிறகு ஒரு சோதனை, இனி எவரும்,
முக்கியமாய் நான்,
ஒழுங்குபடுத்திவிடாதபடி.
அதற்கொரு பெயர் வேண்டியிருந்தது.
தங்கணமூட்டூ என்று வைத்தேன்,
நெடில்கூடக் குறையாமல்.

ஒன்பது ஐம்பதுக்கு முதல் சீட்டு.
பின்வண்டி: 0.
போனில் ஒரு நீண்ட ஹாரன்.
நன்றி என்று எடுத்துக்கொண்டேன்;
முன்னால் நின்ற லாரியைத் திட்டியதாகவும் இருக்கலாம்.