இருவர் பதிவு

பதிவில் இரண்டு பேர்.
விடுதி வாசலில் ஒருத்திதான் நின்றாள்,
தொப்பியும் செருப்பும் புதுசு.
'ஹென்ரிக் வரவில்லை' என்று
வயிற்றின்மேல் விரலால் ஒரு வட்டம் போட்டாள்.
நேற்று ராத்திரி நண்டு மசாலா.
சேவுகன் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சிரித்தான்.
நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன், தொழில்.

அவர் இருக்கையில் செல்போனை வைத்தாள்,
பெல்ட் போடாத குறைதான்.
'எல்லாவற்றையும் இதற்குச் சொல்.
சாயங்காலம் அவர் கேட்பார்.'

பதினொரு வருடமாகச் சொல்கிறேன்.
பிள்ளையார்பட்டி என்றால் வாய் தானாகத் திறக்கும்:
குடைவரை, இரண்டே கை, வலம்சுழித்த துதிக்கை,
மலையிலிருந்து வந்தவரல்ல, மலையாகவே இருப்பவர்.
இந்த இடத்தில் வழக்கமாக ஒரு 'ஆ' கிடைக்கும்.
செல்போன் 'ஆ' போடவில்லை.
சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது.

அப்போதுதான் என் குரல் எனக்குக் கேட்டது,
ஆயிரம், ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து அறுநூறு என
ஆளைப் பார்த்து
வருஷம் ஏற்றி இறக்கும் குரல்.
பதிவாகிறதே என்ற பயத்தில்
'சரியாகத் தெரியாது' என்று சொல்லிவைத்தேன்,
தொழிலுக்கு வந்து முதல் தடவை.

குன்றக்குடிப் படிகளில்
என் மூச்சிரைப்பும் பதிவாயிற்று,
பூக்காரியின் 'வாங்கிட்டுப் போம்மா'வும்,
வாழைப்பழத்தைப் பிடுங்கிய குரங்குக்கு
இங்ரிட் தன் பாஷையில் விட்ட ஒரு சொல்லும்.
மயில் எங்கே என்று கேட்டாள்.
முருகன் வெளியே எடுத்துப் போயிருப்பார் என்றேன்.
யோசித்து, மூன்று படி ஏறியபின் சிரித்தாள்.

அடுத்த கோயிலில், பெயர் வேண்டாம்,
கொடிமரத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.
'நீ போய்ப் பார்த்துவந்து சொல்' என்று
போனை என் கையில் திணித்தாள்.
அதற்கும் அனுமதி இல்லையாம்.
அவளும் அதுவும் வெயிலில் நிற்க
நான் மட்டும் போனேன்.
எண்ணெயும் வௌவாலும் மணக்கும் இருட்டில்
என் வேண்டுதல் என்னவென்றே மறந்து
ஹென்ரிக்கின் வயிற்றுக்கு வேண்டிக்கொண்டு வந்தேன்.
அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை,
செல்போனிடமும்.

மத்தியானம் இலை போட்டார்கள்.
நண்டு வந்தபோது
கையை இலைமேல் குறுக்கே வைத்தாள்,
இதற்குள் எங்கே கற்றாளோ.
தயிர்ச்சோறு, மோர்மிளகாய், இன்னொரு மோர்மிளகாய்.
அப்பளம் நொறுங்கிய சத்தம்
கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்.

பிறகு செம்மண், முள்காடு,
படிக்கட்டு தெரிய வற்றிய ஓர் ஊருணி,
ரோட்டைக் கடக்க அவசரமே இல்லாத ஆடுகள்.
நாலரைக்கு வேட்டங்குடி.

கண்மாய்க்கரையில் வண்டியை அணைத்ததும்
சேவுகன் கையைக் கட்டிக்கொண்டான்,
ஹாரன்மேல் கை பட்டுவிடக் கூடாதென்று.
கருவேலமரங்கள் தண்ணீருக்குள் நின்றன,
ஒவ்வொன்றும் நாரைகளால் கனத்து.
கிளைக்குக் கிளை எல்லைச்சண்டை,
குஞ்சுகளின் இரைச்சல், எச்சத்தின் காட்டம்,
எங்கிருந்தோ நத்தையோடு திரும்பும் ஓர் அலகு.

இதற்கு என்னிடம் நாலு நிமிடப் பேச்சு உண்டு,
பறவைகள் மிரளாமலிருக்க
தீபாவளிக்கும் வெடி போடாதவர்கள்
இந்தக் கரைக்காரர்கள் என்று முடியும்.
தொண்டையைச் செருமினேன்.

இங்ரிட் குனிந்து
சிவப்புப் புள்ளியை அணைத்தாள்.
'இது எனக்கு' என்றாள்.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
வெயில் தண்ணீரைவிட்டுக் கிளைக்கு ஏறி
கிளையைவிட்டும் போனது.
மூன்று பேரும் பேசவில்லை.

விடுதியில் ஹென்ரிக்
இளநீரோடு எழுந்து உட்கார்ந்திருந்தார்.
ஒருவருக்குக் கணக்குப் பார்த்துக் குறைக்கவா என்றேன்.
'எதற்கு? முக்கால்வாசி அவரும் வந்தாரே.'

ராத்திரி வீட்டில்,
'இன்னைக்கு எந்தப் பக்கம்?' என்று கேட்டார்.
'பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வழக்கம்தான்' என்றேன்
துப்பட்டாவில் காய்ந்துபோயிருந்த வெள்ளைப் பொட்டை
தண்ணீர் தொட்டுத் தேய்த்தபடி.