வந்திறங்கியவர்களுக்கான பயிற்சி

நூற்றைம்பது சொற்களில் எழுதுக:
இந்த நாட்டில் இறங்கியதும்
முதலில் உங்கள் கண்ணில் பட்டது என்ன?

மற்றவர்கள் விமான நிலையத்தை எழுதினார்கள்,
பெட்டி தொலைந்ததை, குளிரை,
இரவு பத்து மணிக்குச் சாப்பிட உட்காரும் மனிதரை.
என் கடவுச்சீட்டு கொழும்பில்
யாரோ ஒருவரின் இறாக்கையில் கிடக்கிறது.
நான் கல்லடியில்,
தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, நாலாம் படியில்,
சிக்னல் மூன்று கோடு காட்டும் ஒரே இடத்தில்.

சலமன்காவில் பின்னேரம் ஆறு மணி.
எனக்கு ஒன்பதரை.
மாலை வணக்கம், ஹெரோசினி, என்கிறார் மைத்தே.
ஜெரோஷினி என்று இரண்டு கிழமை திருத்தினேன்.
அவர்களுடைய ஜ தொண்டையில் பிறக்கிறது.
பிறகு விட்டுவிட்டேன்.
ஹெரோசினிக்கு விசா தேவையில்லை.

நான் முதலில் கண்ட ஸ்பெயின்
ஸினெப்பின் கைப்பையின் உட்புறம்.
சதுக்கத்தைக் காட்டுகிறேன் வா என்றவள்
போனை அணைக்காமல் பைக்குள் போட்டு நடந்தாள்.
ஒரு திறப்புக் கோர்வை. காய்ந்த தோடம்பழத் தோல்.
சிப் மூடாத இடத்தில் ஒரு கீற்று வானம்.
எங்கோ மணி அடித்தது,
எந்தக் கோயில் என்று கேட்க
என்னிடம் அப்போது சொல் இல்லை.

மைத்தே படங்களைத் தூக்கிக் காட்டுகிறார்.
மெசா. பான். சப்பாத்தோ. தொவாயா.
வியட்நாம்காரப் பொடியன்
ஒவ்வொன்றையும் மூன்று தரம் எழுதுகிறான்.
எனக்குச் சிரிப்பு.
காலையில்தான் மேசையில் பாண் வைத்து,
துவாயால் முகம் துடைத்து,
தம்பியின் சப்பாத்தைத் தேடிக் கொடுத்தேன்.
முன்னமே படித்தாயா என்றார்.
எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது என்றேன்.
மிச்சத்தைச் சொல்லவில்லை,
இறந்தகாலம் நாங்கள் இன்னும் தொடங்கவில்லை.

ஐந்தாம் பாடத்தில்
'இரு' என்பதற்கு அவர்களிடம் இரண்டு வினை.
மாறாததற்கு ஒன்று.
காய்ச்சலுக்கும், கோபத்துக்கும், நிற்கிற இடத்துக்கும் மற்றது.
இறந்தவருக்கு? என்றான் வியட்நாம்காரன்.
மற்றதுதான், என்றார் மைத்தே,
ஏனென்று கேட்காதே, பழகிக்கொள்.
குடும்பத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து வசனம்.
என் மாமா, என்று தொடங்கி நின்றுவிட்டேன்.
தொண்ணூறில் சைக்கிளில் போனவர்.
சான்றிதழ் தருகிறோம் என்று எத்தனை தரம் அழைத்தும்
கையெழுத்துப் போட அம்மா போகவில்லை.
கேட்கவில்லையா ஹெரோசினி, இணைப்புப் பிரச்சினையா?
ஆம் என்றேன்.
மூன்று கோடும் இருந்தன.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு
அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினார்களாம்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
திங்கள் ஒன்பதரைக்கு நுழைந்தால்
பதினொரு வெறுங்கதிரை,
ஒன்றில் யாரோ மறந்த கம்பளித் துண்டு.
படியில் நுளம்பு கடிக்கக் கடிக்க
ஒரு மணித்தியாலம் அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன்.
கூட்ட வந்த பெண் பலகையைத் துடைத்தாள்.
திரும்பித் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டு,
ஓலா, என்றாள்.
என் கதிரையையும் ஒருக்கால் துடைத்திருப்பாள்.

நவம்பரில் முதல் பெருமழை.
தகரத்தில் கொட்டிய சத்தத்தில்
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
மைக்கை அணைக்கப் போனேன்.
விடு, விடு, என்றார் மைத்தே.
சத்தத்தைக் கூட்டி வைத்தார்.
எல்லோரும் பேனையைக் கீழே போட்டுவிட்டுக்
கல்லடி மழையைக் கேட்டார்கள்.
வியட்நாம்காரன் ஏதோ சொன்னான், தன் மொழியில்.
ஓரத்தில் இருந்த ஒருத்தி எழுந்துபோய்
சலமன்காவில்
யன்னலைச் சாத்தினாள்.