பங்குக் கிணறு

எங்கள் கிணற்றில் இரண்டு தண்ணீர்.
மேலே மழை விட்டுப்போனது, கீழே கடல்.
நடுவில் சுவரில்லை.
சுண்ணக்கல்லின் இருட்டில்
ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கிறது.
உப்பு எத்தனையாவது அடியில் தொடங்குகிறது என்று
கயிற்றில் கருவி கட்டி இறக்கி
எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம்.

புத்தூரில் இது நாற்பத்தோராவது கிணறு.
பங்குக்காரர் குணநாயகம்.

தொண்ணூற்றாறில் சந்தியில் எங்களை வரிசையாய் நிறுத்தினார்கள்.
சாக்குக்குள் ஒரு தலை
தம்பி யோகதாசனைக் கண்டதும் ஆடியது.
முகம் தெரியாது. செருப்புத் தெரியும்:
அறுந்த வாரை மின்வயரால் கட்டின செருப்பு.

அதற்கு முதல் வருசம்
ஊரே வெளிக்கிட்ட மழை இரவில்
நடக்கமாட்டாத அம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி
நாவற்குழிப் பாலம் தாண்டி உழக்கியதும்
அதே செருப்பு.

வீட்டில் ஒரு ரஷ்ய நாவல் கிடக்கிறது.
மொஸ்கோவில் அச்சடித்த தமிழ்.
கடைசி அறுபது பக்கம் கறையான் தின்றது.
அந்த ஆட்கள் இதை இப்படி விடமாட்டார்கள்.
விடிய விடியத் தேத்தண்ணி குடித்து,
சொல், சொல் என்று கதவிடித்து,
அவரைப் பனியில் முழங்காலில் நிறுத்துவார்கள்;
நான் அறைவேன்,
அறைந்த கையாலேயே தூக்குவேன்.
கடவுளைத் திட்டின வாயால்
தேவாரம் படிக்கிற சனம்.

மற்றது மெல்லிய புத்தகம், சீனத்துத் தாவோக்காரருடையது.
அதில் ஒருத்தரும் அழுவதில்லை.
ஒரு மனிதனை நல்லவன் கெட்டவன் என்று பிளக்காதே,
பிளந்தால் இரண்டு பாதியிலும் இரத்தம் வரும்:
அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.
ஆனாலும் அந்த அமைதியில் எனக்கொரு கோபம்.
தம்பியைக் கொண்டுபோன பின்னேரமும்
இவர்கள் மலையடிவாரத்தில் தூண்டில் போட்டிருப்பார்கள்.

இங்கே முழங்காலில் நிற்கப் பனியில்லை,
ஒதுங்கிப் போக மலையுமில்லை.

இன்றைக்கு உப்பு இருபத்தாறு அடியில்.
போன வைகாசியில் முப்பத்தொன்று.
வெங்காயத்துக்கு இரவிலும் மோட்டர் போடுகிறார்.

"மெல்ல இறையுங்கோ அண்ணை.
இழுத்து இறைச்சால்
கீழ கிடக்கிறது மேல வந்திடும்."

தண்ணீரைப் பற்றித்தான் சொன்னேன்.

அவர் மோட்டரை நிற்பாட்டினார்.
திடீரென்று இவ்வளவு சத்தமின்மை.
வாயைத் திறந்தார்.
கறையான் தின்ற அறுபது பக்கமும்
அதற்குள் இருந்தன.

நான் கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன்,
வழமையிலும் பார்க்கக் கொஞ்சம் மெதுவாக.